செவிவழிக் கல்வி: ஓமந்தூர் வட்டாரமும் தமிழ்க் கதைக்கலையும்

திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையில் அமைந்த உழவர் ஊர் ஓமந்தூர். நாடு விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஓ.பி. இராமசாமி ரெட்டியார் 1895ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்னும் பெருமையால் இவ்வூர் அரசியல் வரலாற்று நூல்களில் நிலையான இடம் பெற்றுள்ளது. இலக்கிய வரலாற்று நூல்களில் இவ்வூரின் பெயரைக் காண்பது அரிது. ஆயினும் ஓமந்தூரை நடுவாக வைத்து, மேற்கே செஞ்சி மலையும் கிழக்கே கடலும் தெற்கே புதுச்சேரியும் தென்மேற்கே விழுப்புரமும் அடங்குமாறு ஒரு வட்டம் வரைந்து பார்த்தால், தமிழ்க் கதைக்கலையின் பெருந்திருப்பங்கள் பல அவ்வட்டத்திற்குள்ளோ அதனை ஒட்டியோ நிகழ்ந்திருப்பது புலனாகும்.

கதை எழுதுவது எவ்வாறு என்று கேட்டு வரும் இளைஞர்க்கு நம்மிடையே வழக்கமாகக் கிடைக்கும் விடை, நிறையப் படியுங்கள் என்பதாகும். அது தவறான விடை அன்று. ஆனால் இவ்வட்டாரத்தின் அறுநூறு ஆண்டு அனுபவத்தை நோக்குமிடத்து அவ்விடை பாதி விடையாகவே படுகிறது. இங்கே எழுதக் கற்றவர்கள் முதலில் கேட்கக் கற்றவர்களாக இருந்திருக்கிறார்கள். யாருடைய பேச்சுக்குச் செவி கொடுக்கப்பட்டதோ அவர்களே காலப்போக்கில் கதைக்குள் இடம் பெற்றார்கள். செவி மறுக்கப்பட்டவர்கள் கதைக்கு வெளியே நெடுங்காலம் காத்து நின்றார்கள். இவ்வுண்மையைச் சில நிலைகளில் வைத்து ஆராய்வது பயனுடையது.

வில்லியும் துறட்டியும்

நடுநாடு எனப்படும் இப்பகுதியின் கதை மரபைப் பேசப் புகுவோர் வில்லிபுத்தூராரிலிருந்து தொடங்குவதே முறை. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்த இவர், வக்கபாகை வரபதி ஆட்கொண்டான் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பாரதத்தைப் பத்துப் பருவங்களில், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் தமிழாக்கினார். 14ஆம் நூற்றாண்டின் இறுதியோ 15ஆம் நூற்றாண்டின் தொடக்கமோ இவரது காலமாகலாம் என்பர்.

வில்லிபுத்தூராரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று நாடறிந்தது. அவர் புலவர்களை வாதுக்கு அழைத்து, தோற்றவர்களின் காதைத் துறட்டியால் குறைத்து வந்தார் என்றும், அருணகிரிநாதர் பாடிய கந்தரந்தாதிக்கு உடனுக்குடன் உரை சொல்லி வந்தவர் 54ஆம் பாடலில் பொருள் புலப்படாது திகைத்தார் என்றும், வென்ற அருணகிரியார் அவருடைய காதை அறுக்காமல் விட்டு, அக்கொடுமையைக் கைவிடச் செய்தார் என்றும் கூறுவர். இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. இத்தகைய செய்திகளை நம் முன்னோர் 'கர்ண பரம்பரை' என்று வழங்கினர். காதிலிருந்து காதுக்கு வழிவழியாக வருவது என்பது அதன் பொருள். புலமையில் தோற்றவனுக்குத் தண்டனையாக நாவையோ கையையோ குறிக்காமல் காதைக் குறித்த கதையைப் படைத்த மக்கள், கல்வியின் வாயில் எது என்பதைத் தெரிந்தே படைத்திருக்க வேண்டும்.

வில்லியின் பாரதம் ஏட்டிலேயே தங்கியிருந்திருந்தால் அது புலவர் வீட்டுப் பொருளாகவே இருந்து மறைந்திருக்கும். அதனை ஊருக்குக் கொண்டு வந்தவை திரௌபதியம்மன் கோயில்கள். செஞ்சியை அடுத்த மேலச்சேரித் திரௌபதியம்மன் கோயிலை இவ்வழிபாட்டின் மூலத் தலமாகக் கருதும் மரபு இப்பகுதியில் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்து 1988இலும் 1991இலும் இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். வடமொழிப் பாரதத்தில் காணப்படாத போத்துராஜாவும், முத்தால் ராவுத்தர் என்னும் முஸ்லிம் காவலரும் இங்கே திரௌபதியின் பரிவாரத்தில் இடம்பெற்றிருக்கிறார்கள். கேட்ட கதையைத் தம் ஊர்க் கதையாக்கிக்கொள்ளும் ஆற்றல் கேட்போரிடம் இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பகலில் பிரசங்கம், இரவில் கூத்து

அறுவடை முடிந்த பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் பாரதம் தொடங்கும். பிற்பகலில் கோயில் முன்பந்தலில் பிரசங்கியார் அமர்வார். இவரைப் 'பாரதியார்' என்று வழங்குவதும் உண்டு. வில்லியின் பாடலை இசையோடு பாடி, சொல் பிரித்துப் பொருள் கூறி, இடையிடையே கிளைக்கதைகளைச் சேர்த்து அவர் கதையை நாள்தோறும் வளர்ப்பார். பின்னைய நாட்களில் இரவு முழுவதும் தெருக்கூத்து நடைபெறும். வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு கூத்து. தபசு நாளில் அர்ச்சுனன் உயர்ந்த மரத்தில் ஏறுவான். இறுதி நாள் காலையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின்மீது படுகளம் நிகழும். மாலையில் தீமிதி. பகலில் கேட்டதை இரவில் கண்டு, இறுதியில் தாமே தீயில் இறங்கி அக்கதையின் உள்ளே புகுந்துவிடுவர் ஊரார்.

கதை எழுத விழைவோர்க்குத் தெருக்கூத்தின் அமைப்பு ஒரு பாடசாலை எனலாம். பாத்திரம் திரைக்குப் பின்னால் நின்று விருத்தமும் தருவும் பாடும். பின்னர்த் திரை விலகும். பாட்டில் வந்த செய்தி வசனத்தில் மீண்டும் வரும். ஒரே நிகழ்ச்சியைச் செய்யுளிலும் உரைநடையிலும் இருமுறை கேட்டு வளர்ந்த செவிக்கு, எதனைப் பாடவேண்டும், எதனைப் பேசவேண்டும் என்ற வேறுபாடு இலக்கணம் படிக்காமலே விளங்கிவிடும்.

இவ்வமைப்பில் தலையாய இடம் கட்டியக்காரனுக்கு உரியது. வேந்தன் வருகையை அறிவிப்பவன் அவனே. அவனைக் கேலி செய்பவனும் அவனே. அரசன் உயர்ந்த மொழியில் கூறியதைத் தெருப் பேச்சில் பெயர்த்துக் கூறுவான். அத்தினாபுரத்துச் சபையில் நின்றுகொண்டே உள்ளூர் ஏரி மராமத்தையும், கடன்காரன் வாசலில் நிற்பதையும், மருமகளைப் படுத்தும் மாமியாரையும் பேசிவிட்டு ஒன்றும் அறியாதவன்போல் மீண்டும் கதைக்குள் புகுந்துவிடுவான். சமூக விமரிசனம் என்று நாம் இன்று கட்டுரைகளில் செய்வதை அவன் விடியவிடிய, கேட்போர் சிரிக்கச் சிரிக்கச் செய்தான். பழங்கதை இன்றைய வாழ்வைத் தொடும் இடம் எது என்று கண்டு அங்கே நிறுத்துவதும், கேட்போர் சோர்ந்த வேளை அறிந்து விரைந்து செல்வதும் அவன் கலையின் நுட்பங்கள். இன்றைய சிறுகதை ஆசிரியனுக்கும் இவ்விரண்டே இடர்ப்பாடான பாடங்கள்.

கூத்தர்களின் பயிற்சியும் செவிவழிப் பயிற்சியே. வாத்தியாரிடம் வேடம் பயிலும் சிறுவன் முதலில் பின்பாட்டுக்காரனாய் நின்று பல இரவுகள் கேட்பான். பாடம் நெஞ்சில் ஏறிய பின்னரே அவனுக்குக் கட்டை கட்டும் உரிமை வரும். கையெழுத்துப் படிகளும் பின்னாளில் மலிவு அச்சில் வந்த கூத்து நூல்களும் இருந்தன. எனினும் அவை நினைவுக்குத் துணையாய் இருந்தனவேயன்றி நினைவுக்கு மாற்றாய் இருந்ததில்லை.

பேச்சை எழுதிய நாட்குறிப்பு

பேசுவதுபோல் எழுதலாம் என்ற துணிவு தமிழ் உரைநடைக்கு எப்போது வந்தது என்று வினவினால், இவ்வட்டத்தின் தென்கோடியில் வாழ்ந்த ஒருவரை நினைவுகூர வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த செய்தி, சரக்கு விலை, படை நடமாட்டம், அதிகாரிகளின் பூசல், ஊரில் உலவிய வதந்தி ஆகிய யாவும் அதில் உண்டு. அவர் காலத்திலேதான் 1750இல் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று.

பிள்ளையவர்களின் எழுத்தில் நம்மை ஈர்ப்பது அவருடைய செவி. ஆளுநர் கூறியது, தாம் மறுமொழி சொன்னது, இன்னொருவர் வந்து காதோடு சொன்னது என்று உரையாடல்களை அவரவர் குரலிலேயே பதிவு செய்கிறார். செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில் அந்நடை இலக்கியமாக எண்ணப்படவில்லை. 1846இல் காலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் இக்குறிப்பேடுகளைக் கண்டறியும் வரையில் அவை வெளியுலகின் கவனத்தைப் பெறாமல் கிடந்தன. 1904 முதல் 1928 வரை சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியது அதற்கும் பல ஆண்டுகள் கழித்தே. ஒரு தமிழரின் தமிழ்ப் பேச்சு தமிழருக்கு முன்பே பிறமொழியினர்க்குக் கிடைத்தது எண்ணி வருந்துதற்குரியது.

அந்நாட்குறிப்பு ஒரு கதையாசிரியனுக்காகக் காத்திருந்தது என்றே தோன்றுகிறது. புதுவையில் 1945இல் பிறந்த பிரபஞ்சன் அதனை அடிப்படையாகக் கொண்டு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் புதினங்களைப் படைத்தார். பின்னது 1995ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. அரசர்களையும் போர்களையும் வியந்து பாடும் சரித்திரக் கதைகளுக்குப் பழகியிருந்த வாசகர்க்கு, அங்காடித் தெருவும் தாசி வீடும் சிறைச்சாலையும் நிறைந்த வரலாற்றை அவர் அளித்தார். துபாசியின் செவி இருநூறு ஆண்டுகளுக்கு முன் சேமித்து வைத்த குரல்களே அதற்கு மூலப்பொருள்.

அரசமரம் சொன்ன கதை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரி அரசியல் அகதிகளின் புகலிடமாயிற்று. பாரதியார் 1908 முதல் 1918 வரை அங்கே வாழ்ந்தார். வ.வே.சு. ஐயர் 1910இல் வந்து சேர்ந்தார். தமிழில் நவீனச் சிறுகதையின் முன்னோடியாகப் போற்றப்படும் ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் 'விவேகபோதினி' இதழில் வெளிவந்து, பின்னர் 'மங்கையர்க்கரசியின் காதல்' தொகுதியில் இடம்பெற்றது. இதுவே முதற்சிறுகதையா என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் வடிவம் பற்றிய தெளிவோடு எழுதப்பட்ட தொடக்ககாலக் கதை இது என்பதைப் பெரும்பாலோர் ஒப்புவர்.

இக்கதையைச் சொல்வது ஒரு மரம். கங்கைக் கரைப் படித்துறை கதை சொல்வதாக இரவீந்திரநாத் தாகூர் 1884இல் எழுதிய வங்கக் கதையோடு இது ஒத்திருப்பதைத் திறனாய்வாளர் சுட்டிக் காட்டியுள்ளனர். அவ்வொப்புமை மறைக்கத்தக்கதன்று. பல மொழி இலக்கியங்களைக் கற்ற ஐயர், கதையின் கட்டமைப்பைப் படிப்பின் வழியே பெற்றார். ஆயினும் குளக்கரை அரசமரத்தடி தமிழ்ச் சிற்றூரில் என்னவாக இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தண்ணீர் எடுக்க வரும் பெண்கள் தம் மனக்குறையைச் சொல்லி ஆறும் இடம் அது. அங்கே பேசப்பட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாய் திறவாதிருந்த ஒரே சாட்சி அந்த மரம். ருக்மிணி என்னும் இளம்பெண்ணின் துயரத்தை ஊர் கேட்கவில்லை; மரம் கேட்டது. தமிழ்ச் சிறுகதை தன் தொடக்கத்திலேயே, கேட்பவர் இல்லாத ஒருத்தியின் துயருக்குச் செவி தந்தது.

அதே புதுவையில் இருந்துகொண்டு பாரதியார் 1912இல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகத்தை வெளியிட்டார். தெருக்கூத்தைப் பார்த்து அதனைப் பாடினார் என்று கூறுவதற்கில்லை. வியாசரைத் தழுவியதாகவே அவர் குறிப்பிடுகிறார். எனினும் எளிய சொற்களும் எளிய நடையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும் கொண்ட காவியமே காலத்தின் தேவை என்று அதன் முகவுரையில் அவர் வற்புறுத்துவது, கேட்போரை முன்னிறுத்திய கலைக்கொள்கையாகும். அவருடைய 'ஆறில் ஒரு பங்கு' என்னும் கதை 1911இல் அரசினரால் தடை செய்யப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த உழவர் பெருமக்களுக்கு அந்நூலை அவர் காணிக்கையாக்கியிருந்தார். எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்க்கு ஒரு கதை நூல் காணிக்கையாவது, அவர்களும் ஒருநாள் இதனைப் படிப்பர் அல்லது யாரேனும் படிக்கக் கேட்பர் என்ற நம்பிக்கையின் அடையாளமே.

ஓமந்தூராரின் இரு செயல்கள்

அந்நம்பிக்கைக்கு அரசின் ஆதரவு கிடைத்த காலத்தில் ஓமந்தூர் இவ்வரலாற்றினுள் நேரடியாக நுழைகிறது. 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை ஓ.பி. இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமராக விளங்கினார். முதலமைச்சர் பதவிக்கு அன்று வழங்கிய பெயர் பிரதமர். எளிய உழவராக வாழ்ந்தவர். வள்ளலாரிடம் ஆழ்ந்த பற்றுடையவர். பதவி துறந்த பின் வடலூரில் கல்விப் பணியில் ஈடுபட்டவர். கதை எழுதியவர் அல்லர். ஆயினும் அவரது ஆட்சியின் இரு செயல்கள் கதைக்கலையின் வரலாற்றில் குறிக்கத்தக்கன.

முதலாவது, 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம். இதனைச் சமயச் சீர்திருத்தமாகவே நாம் பேசி வருகிறோம். கோயில் மண்டபம் வழிபாட்டிடமாக மட்டும் இருந்ததன்று. புராணமும் பிரபந்தமும் கதையும் கேட்கும் கல்விக்கூடமாகவும் அது நூற்றாண்டுகள் தொண்டாற்றியது. அங்கே நுழையக் கூடாது என்று விலக்கப்பட்டவர், அந்தச் சொல்லையும் கேட்கக் கூடாது என்று விலக்கப்பட்டவரே. மதிலுக்கு வெளியே தொலைவில் நின்று அரைகுறையாகக் காதில் விழுந்ததைக் கொண்டு தம் கதைகளை வளர்த்துக்கொண்டவர்கள் எத்தனை தலைமுறையினர்! கூத்துக் களத்திலும் யார் எங்கே அமர்வது என்ற வரம்பு பல ஊர்களில் இருந்ததை மறைப்பதற்கில்லை. சட்டம் வந்த மறுநாளே மனத்தின் கதவு திறந்துவிடவில்லை. எனினும் கேட்கும் உரிமை எல்லார்க்கும் உரியது என்று அரசு ஏற்றுக்கொண்ட நாள் அது.

இரண்டாவது, பாரதி நூல்கள் பொதுவுடைமையான வரலாறு. பாரதியார் பாடல்களை ஒலிபரப்பும் உரிமை திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1948இல் 'பில்ஹணன்' திரைப்படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றது குறித்து வழக்கு எழுந்தது. தேசத்தின் கவி ஒருவருடைய உடைமையாக இருக்கலாகாது என்று எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் கண்டு கிளர்ச்சி செய்தனர். 1949 மார்ச்சில், ஓமந்தூரார் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம், பாரதி நூல்களின் உரிமையை அரசு ஏற்கும் என்று அறிவித்தார். மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையை விலை பெறாமலே வழங்கினார். 1955இல் அந்நூல்கள் மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின. எழுத்தாளன் ஒருவனுடைய படைப்புகளை அரசு பெற்று நாட்டுக்கு உரிமையாக்கும் மரபு தமிழகத்தில் இவ்வாறே தொடங்கியது. கூத்துக் களத்தில் எந்தக் கதையும் எவர்க்கும் தனியுடைமையாக இருந்ததில்லை. அச்சுக் காலத்தில் இழக்கப்பட்ட அப்பொதுமையின் ஒரு பகுதி பாரதியின் வாயிலாக மீட்கப்பட்டது எனலாம்.

நடுநாட்டுச் சொல் ஏடு ஏறியது

1989இல் கரிசல் காட்டு இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணன் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக வந்தார். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்; பள்ளிக் கல்வியை முடிக்காதவர்; தாம் மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவர் என்று தம்மைக் குறித்துத் தாமே நகைப்பவர். 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்தவர். அத்தகையவரை ஆசிரியர் இருக்கையில் அமர்த்தியதன் வாயிலாகப் பல்கலைக்கழகம் ஒன்று செவிக் கல்விக்கு மதிப்பளித்தது. மாணவர்களைத் தத்தம் ஊர்ப் பாட்டிமாரிடமும் தாத்தாமாரிடமும் அனுப்பிப் புதுவை வட்டாரக் கதைகளைச் சேகரித்துத் தொகுத்தார். சேகரித்த கதையைத் திருத்தாமல், சொன்னவர் சொன்னவாறே எழுத முயலும் மாணவன் உரையாடலின் ஓசையையும், வாக்கியம் எங்கே மூச்சு வாங்குகிறது என்பதையும் அறிந்துகொள்கிறான். கதை எழுதப் பயில்வோர்க்கு இதனினும் நல்ல பயிற்சி அமைவது அரிது. 2021இல் மறையும் வரையில் கி.ரா. புதுவையிலேயே வாழ்ந்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில் நடுநாட்டின் குரலும் நூல் வடிவம் பெறலாயிற்று. விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய த. பழமலய் 1988இல் 'சனங்களின் கதை'யை வெளியிட்டார். அது கவிதைத் தொகுதியே. ஆனால் பெயருக்கேற்பக் கதை சொல்வது. தம் குடும்பத்தாரையும் ஊராரையும் அவர்தம் பேச்சிலேயே அவர் அதில் நிறுத்தினார். மரபுச் செய்யுளும் படிமக் கவிதையும் ஒதுக்கி வைத்திருந்த சாதாரண மனிதர்கள் தம் சொந்தப் பெயரோடு ஏட்டில் நடமாடினர்.

1994இல் இமையம் எழுதிய 'கோவேறு கழுதைகள்' வெளிவந்தது. ஒடுக்கப்பட்டோர்க்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண்ணான ஆரோக்கியத்தின் வாழ்வைக் கூறும் புதினம் அது. ஊர்ச்சோறு எடுத்துப் பிழைக்கும் அவளுடைய புலம்பலும் முறையீடும் வேண்டுதலும் நூல் முழுவதும் ஒலிக்கின்றன. மதிலுக்கு வெளியே நின்றவர்க்கும் அப்பால் நின்ற ஒருத்தியின் குரல் அது. ஒடுக்கப்பட்டோரிடையே உள்ள ஏற்றத்தாழ்வை வெளிப்படுத்தியது முறையா என்று அந்நூலைச் சுற்றிக் கடும் விவாதம் எழுந்தது. ஆரோக்கியத்தின் குரலுக்குச் செவி சாய்த்த எழுத்தாளன், தன்னவர் கேட்க விரும்பாததையும் எழுத வேண்டியவனானான். இமையத்திற்கு 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு 'செல்லாத பணம்' புதினத்திற்காகக் கிடைத்தது.

விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் 1999இல் 'அஞ்சலை' புதினத்தையும் 2007இல் 'நடுநாட்டுச் சொல்லகராதி'யையும் அளித்தார். நிலக்கடலையை இப்பகுதி மக்கள் 'மல்லாட்டை' என்பர். மணிலாக்கொட்டை என்னும் சொல்லே வாயில் தேய்ந்து மல்லாட்டையாயிற்று. கடல் கடந்து வந்த பயிர் இந்த மண்ணின் பயிராக மாறிய வரலாறு முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கிக் கிடக்கிறது. நிலக்கடலை என்று எழுதும்போது பொருள் விளங்கும். மல்லாட்டை என்று எழுதும்போது அதனை ஆய்ந்து கூலி பெற்ற பெண்களும் உடன் வந்து நிற்பர். கொச்சை என்று தள்ளப்பட்ட சொற்களைத் தேடித் தொகுத்தவர் ஒரு கதையாசிரியர் என்பது தற்செயலன்று.

கேட்டலின் எல்லையும் கடமையும்

இதனால் கேட்டல் ஒன்றே போதும் என்று முடிவு கட்டிவிடலாகாது. கேட்டதையெல்லாம் எழுதினால் அது பதிவாகும், கதையாகாது. கூத்தில் ஓர் இரவு நீளும் துயரத்தைச் சிறுகதை நான்கு பக்கங்களில் நிறுத்தவேண்டும். குரலின் ஏற்ற இறக்கத்தையும் கையசைவையும் முகவீணையின் ஓசையையும் இழந்துவிட்ட எழுத்து, அவ்விழப்பைச் சொல்லின் தேர்வாலும் இடம் அறிந்த மௌனத்தாலும் ஈடு செய்யவேண்டும். இக்கட்டுப்பாட்டை ஐயர் படிப்பால் பெற்றார். பிற்காலத்தவரும் பிறமொழி இலக்கியங்களையும் முன்னோடிகளையும் படித்தே பெற்றனர். செவி பொருளைத் தருகிறது. படிப்பு அதற்கு வடிவத்தைத் தருகிறது.

இன்னொரு கடமையும் உண்டு. சொன்னவர் பெயர் மறைந்து எழுதியவர் பெயர் மட்டும் நிற்பது அச்சுலகின் வழக்கம். பிரசங்கியாரும் கூத்து வாத்தியாரும் கதைசொன்ன பாட்டியும் நன்றியுரையில்கூட இடம் பெறுவதில்லை. கதை பொதுவுடைமை என்னும் கொள்கை, சொன்னவரை மறப்பதற்குச் சாக்காகிவிடுதல் தகாது.

காலமும் விரைகிறது. பாரதம் நடைபெறும் நாட்கள் பல ஊர்களில் சுருங்கிவிட்டன. விடியும் வரை நிகழ்ந்த கூத்து நள்ளிரவோடு முடிந்துவிடும் இடங்களும் உள்ளன. தொலைக்காட்சியும் கைபேசியும் கதை தருகின்றன. ஆனால் கேட்பவர் இடைமறித்துக் கேள்வி கேட்டால் அவை மறுமொழி கூறுவதில்லை. கட்டியக்காரன் கூறுவான்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் ஒன்று தன் அடுத்த பத்தாண்டுக்கு மேற்கொள்ளத்தக்க பணி இவ்வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது. மாதக் கூட்டத்தில் எழுதியதைப் படிப்பதோடு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் கூத்துக் களத்தில் விடியும்வரை அமர்ந்திருக்கலாம். வட்டத்தின் இளைஞர் ஒவ்வொருவரும் தம் ஊர் முதியவர் ஒருவரிடம் ஒரு கதை கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதி வைக்கலாம். ஓமந்தூரில் ஒரு பிரதமரின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. அவர் காலத்தில் அதே ஊரில் ஏர் ஓட்டியவர்கள், ஏரி மதகு காத்தவர்கள், மல்லாட்டை ஆய்ந்தவர்கள் ஆகியோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று முதியவர்களாகத் திண்ணைகளில் அமர்ந்திருக்கிறார்கள். கேட்கச் செல்வோர்க்கு அவர்கள் சொல்வார்கள்.